சம்பளம் வாங்காத முதலாளிகள்

அபார்ட்மென்ட் மேனேஜர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது டேலி தெரியுமா, ஜெனரேட்டர் தெரியுமா, பிளம்பரை வேலை வாங்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். கமிட்டியோடு எப்படிப் பேசுவீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த வேலையை விட்டுவிட்டு ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெனரேட்டர் புரியாமல் ஓடியவர் யாரும் இல்லை.

நான் வேலை பார்க்கும் குடியிருப்பு வேளச்சேரி தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முந்நூறை ஒட்டி வீடுகள். சென்னையின் பல குடியிருப்போர் சங்கங்களைப் போல எங்களுடையதும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. தலைவர், செயலாளர், பொருளாளர், பிளாக்குக்கு ஓர் உறுப்பினர் என்று செயற்குழு. பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டால் தொடரலாம். சம்பளம் யாருக்கும் இல்லை. காசோலையில் அவர்கள் கையெழுத்து, வழக்கு வந்தால் வக்காலத்தில் அவர்கள் பெயர், லிஃப்ட் நின்றால் திட்டும் அவர்களுக்கு. மாதச் சம்பளம் எனக்கு மட்டும்தான். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசுகிற மேனேஜர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அது மரியாதை ஆகாது. வாய்க்கு வாய் ‘சார்’ போடுவதுதான் மரியாதை என்றால், சென்னையிலேயே மரியாதை தெரிந்த ஆள் டேங்கர் லாரி ஏஜென்ட்தான்.

புதுக் கமிட்டி வந்ததும் நான் முதலில் கேட்பது, “எத்தனை மணிக்கு மேல கூப்பிடலாம், எத்தனை மணிக்கு மேல கூப்பிடக் கூடாது?” என்பதைத்தான். கேட்டால் சிரிப்பார்கள். “எப்ப வேணா கூப்பிடுங்க மேடம்” என்பார்கள். அப்படிச் சொல்பவரை நம்பக் கூடாது. சொல்கிறவர் உண்மையாகத்தான் சொல்கிறார். அவர் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஒரு செயலாளர் சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனியில் இருந்தார். அமெரிக்காக்காரர்களோடு ராத்திரி பதினொரு மணி வரை பேச்சு, காலை ஒன்பது வரை தூக்கம். அவருக்குப் பகல் பன்னிரண்டு மணிதான் காலை. இன்னொருவர் பணி ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். காலை ஆறு மணிக்கே பார்க் பெஞ்சில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார், மாலை ஏழுக்கு மேல் போனை எடுக்க மாட்டார். ஒரு அம்மா பள்ளி ஆசிரியை. வகுப்பு முடியும் வரை போன் பையில்தான். இதையெல்லாம் எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பேன். இந்த நேரங்களைத் தாண்டிக் கூப்பிட மூன்றே காரணம்: தீ, லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது, சம்பில் தண்ணீர் இல்லாதது. நாய்ச் சண்டை, பார்க்கிங் சண்டை, மாடி வீட்டுக்காரர் துணி சொட்டுகிறது என்பதெல்லாம் விடிந்தபின். பார்க்கிங் சண்டையை ராத்திரி பத்தரைக்குச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோகிற மேனேஜர்களை எனக்குத் தெரியும். கேட்டால், “தகவல் சொல்லிட்டேன், இனி அவங்க பொறுப்பு” என்பார்கள். பொறுப்பை இறக்கி வைக்க வேறு இடம் பார்க்கலாம்.

அடுத்தது கேட்கும் விதம். “சார், லிஃப்ட் ஏ.எம்.சி. முடியுது, என்ன பண்ணலாம்?” என்று கேட்பது பணிவாகத் தெரியும். உண்மையில் அது என் வேலையை அவர் தலையில் கட்டுவது. பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர், ராத்திரி உட்கார்ந்து லிஃப்ட் ஒப்பந்தம் படிக்க வேண்டும். அதனால் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பேன். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது. உதிரி பாகமும் சேர்த்த ஒப்பந்தத்துக்கு என்ன தொகை, சர்வீஸ் மட்டும் என்றால் என்ன தொகை. போன இரண்டு வருஷத்தில் பாகங்களுக்கு நாம் தனியாகக் கொடுத்திருக்கக்கூடிய பணம் எவ்வளவு. கயிறு எப்போது மாற்றியது. மின் ஆய்வுத் துறை உரிமம் எதுவரை இருக்கிறது. எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும், தள்ளிப்போட்டால் என்ன ஆகும். கடைசி வரியில் என் அபிப்பிராயம். அந்தக் கடைசி வரியை எழுதப் பல மேனேஜர்கள் பயப்படுவார்கள், “நமக்கு எதுக்கு வம்பு” என்று. என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதே அந்த வரிக்குத்தான். அவர்கள் அதை ஏற்காமல் போகலாம், பலமுறை ஏற்காமல் போயிருக்கிறார்கள். அப்புறம் அவர்கள் சொன்னதை முணுமுணுக்காமல் செய்வதும் என் வேலைதான்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று கமிட்டி கேட்டால், தனக்குப் பிடித்த ஏஜென்சியிடம் ஒன்று வாங்கி, அவனையே விட்டு மற்ற இரண்டையும் கூடுதல் விலைக்குத் தயார் செய்து தரச் சொல்வது எங்கள் தொழிலில் சகஜம். ‘எல்-1 இவங்கதான், குறைஞ்ச விலை சார்’ என்று பவ்வியமாக நீட்டுவார்கள். பணம் அடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊதியம் வாங்காமல் வந்து உட்கார்ந்து, மூன்று தாளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு மனிதரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. அவர் ஒரு மணி நேரம் ஒரு நாடகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், அது நாடகம் என்று அறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு மட்டும் தெரியும்.

வாட்ஸ்அப் வந்தபின் இந்த வேலை பாதி அங்கேதான் நடக்கிறது. கமிட்டிக்கு ஒரு குழு, குடியிருப்போர் எல்லோருக்கும் ஒரு குழு. பெரிய குழுவில் ஒருவர், “செயலாளர் அவர்களே, மூன்று நாளாக பி பிளாக் லைட் எரியவில்லை, தூங்குகிறீர்களா?” என்று போடுவார். பதில் எனக்குத் தெரியும்: பேலஸ்ட் வரவில்லை, நாளை வரும். உடனே போட்டுவிடலாமா? கூடாது. கேள்வி செயலாளருக்கு. அவர் பார்க்கும் முன் நான் பதில் போட்டால், அவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மேனேஜர்தான் என்று முந்நூறு வீட்டுக்கும் நானே அறிவித்த மாதிரி. செயலாளருக்குத் தனியாக இரண்டு வரி அனுப்பி, “நீங்க போடுறீங்களா, நான் ஆபீஸ் சார்பா போடட்டுமா?” என்று கேட்பேன். முக்கால்வாசி நேரம் “நீங்களே போட்டுடுங்க” என்றுதான் வரும். ஆனாலும் கேட்பேன்.

பொருளாளர் ஒருமுறை டேங்கர் செலவுக் கணக்கைப் பெரிய குழுவில் போட்டார். ஒரு வாரத்து லோடு இரண்டு தடவை சேர்ந்திருந்தது. கணக்குப் புலிகள் கண்டுபிடிப்பதற்குள் அவரைக் கூப்பிட்டேன். “சார், மூணாவது வாரம் மட்டும் ஒரு தடவை பாத்துடுறீங்களா? என் ரிஜிஸ்டருக்கும் அதுக்கும் ஒத்துப்போகல.” அவரே பார்த்தார், அவரே திருத்தம் போட்டார். “தவறுக்கு வருந்துகிறேன்” என்று அவர் எழுதியதற்கு நாற்பது கைகூப்பு வந்தது. அதையே நான் குழுவில் திருத்தியிருந்தால் ‘கணக்கில் குளறுபடி’ என்று ஆகி, அடுத்த பொதுக்குழு வரை ஓடியிருக்கும்.

எல்லா விஷயமும் ஒரு போனில் முடிந்துவிடாது. ஜி.எஸ்.டி. விவகாரம் முடியவில்லை. ஒரு வீட்டின் மாத மெயின்டனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் வரி. பெரிய வீடுகள் சில அந்த வரம்பைத் தாண்டின. 2019இல் வரித்துறை சுற்றறிக்கை, தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் வரி என்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், 7,500க்கு மேலே போகும் தொகைக்கு மட்டும்தான் என்றது. எங்கள் பொருளாளர் அப்போது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி; சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முழுத் தொகை என்பதில் உறுதியாக இருந்தார். கூட்டத்தில் ஓர் இளைஞர் தீர்ப்பைச் செல்போனில் காட்டி, “அங்கிள், அதெல்லாம் பழைய கதை” என்றார். பெரியவர் முகம் சிவந்துவிட்டது. அதற்குப்பின் வரி எங்கே போயிற்று? பேச்சு முழுக்க அந்த ‘பழைய கதை’ மேலேயே போனது.

கூட்டம் முடிந்தபின் நான் அவரிடம் தீர்ப்பைப் பற்றிப் பேசவில்லை. “சார், ரெண்டு பேப்பர் ரெண்டு விதமா சொல்லுது. கையெழுத்து உங்களுது. ஆடிட்டர்கிட்ட எழுத்துல வாங்கி வச்சுக்கிட்டா நாளைக்கு உங்களுக்கும் பாதுகாப்பு” என்றேன். ஆடிட்டருக்கான கடிதத்தை அவரே எழுதினார், வங்கிக்காரர்களுக்கே உரிய ஆங்கிலத்தில். பதில் வந்ததும் அவரே கமிட்டியில் படித்தார். தீர்ப்பைக் காட்டிய இளைஞருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஜெயித்த மாதிரியே இல்லையாம்.

மினிட்ஸ் எழுதுவது ஒரு தனி வித்தை. கூட்டத்தில் நடந்ததையெல்லாம் எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. ஒன்றுமே எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து “நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். தீர்மானம், தொகை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் — இவை அப்பட்டமாக இருக்க வேண்டும். சண்டைக்கு ‘விரிவான விவாதத்துக்குப் பின்’ என்ற மூன்று சொல் போதும். மேஜையைத் தட்டியது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது, ‘உன் வீட்டு பால்கனியை முதல்ல பாரு’ எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாற்றுக் கருத்தைப் பெயரோடு பதிய வேண்டும் என்று ஒருவர் கேட்டால் மட்டும் பெயரோடு, அவர் சொன்ன காரணத்தோடு, அவர் படித்துப் பார்த்துச் சம்மதித்த வாசகத்தில் பதிவேன். தோற்ற தரப்பின் காரணத்தைச் சுருக்கி, ஜெயித்த தரப்பின் காரணத்தை நீட்டி எழுதும் மினிட்ஸ்களை நிறையப் படித்திருக்கிறேன். அதை எழுதியவர் அந்தக் கமிட்டியில் யாரிடம் சம்பள உயர்வு எதிர்பார்த்தார் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

கமிட்டியில் பெண்கள் இருந்தால் இன்னொன்று நடக்கும். நான் சொன்ன ஆசிரியை அம்மா ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருந்தார். ஏஜென்சிக்காரர் பில் பற்றிப் பேச அவர் கணவரைக் கூப்பிடுவார். குடியிருப்பவர்களும் புகாரை லிஃப்டில் பார்க்கும் கணவரிடம் சொல்லி, “மேடம்கிட்ட சொல்லிடுங்க” என்பார்கள். கணவர் நல்ல மனிதர், சங்கடத்தில் நெளிவார். நான் ஏஜென்சிக்கு ஒரு மெயில் போட்டேன்: இந்த எண்ணுக்குச் சொல்லப்பட்டவை மட்டுமே சங்கத்துக்குச் சொல்லப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று, அந்த அம்மாவின் எண்ணைக் குறிப்பிட்டு, நகல் அவருக்கும். கூட்டங்களில் அவர் பொருள் எப்போதும் கடைசியில் வந்து, நேரமாகிவிட்டது என்று அடுத்த மாதம் போகும். அஜெண்டா தட்டுபவள் நான்தானே. ஹவுஸ்கீப்பிங்கை முதல் பொருளாகப் போட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, கவனித்தார்களா என்றும் தெரியாது. அவர் பொருளை முடித்த பிறகுதான் மற்றதற்குப் போனார்கள்.

‘முடியாது’ என்று சொல்லவும் வேண்டியிருக்கும். ஓர் உறுப்பினர் வீட்டில் நிச்சயதார்த்தம், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் நாலு பேரை அனுப்பச் சொன்னார். “சார், எல்லா வீட்டுக்கும் ஒரே ரேட்டுதான். ஆளுக்கு இவ்வளவுன்னு ரசீது போட்டு, டியூட்டி முடிஞ்ச பிறகு அனுப்பிடுறேன். உங்களுக்கு மட்டும் ரசீது இல்லாம அனுப்புனேன்னா உங்களைத்தான் கேப்பாங்க” என்றேன். அவர் ரசீது போட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் பேசவில்லை. அது பரவாயில்லை, கமிட்டியில் இருப்பவர்களுக்கும் என்மேல் கோபப்பட உரிமை உண்டு.

2019 கோடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் ஏறக்குறைய வறண்டு கிடந்த வருஷம். ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டன. ஆள் எல்லாம் வீட்டிலேயே இருந்தால் செலவாவது எங்கள் சம்ப் தண்ணீர். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதைப் படித்துவிட்டு, “நம்ம கமிட்டியால ஒரு லாரியை வரவழைக்க முடியல” என்று பெரிய குழுவில் எழுதினார்கள். அப்போதைய செயலாளருக்கு நடுராத்திரியில் போன் வரும். எடுத்தால் திட்டு, எடுக்காவிட்டால் காலையில் நேரில் திட்டு. அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்து, “இவரு ராஜினாமா பண்ணட்டும் அம்மா, நீங்களாவது சொல்லுங்க” என்றார்.

நான் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அவருக்கு வரும் போன்களில் என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து எழுதினோம். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே கேள்வி: எப்போது வரும்? அதற்குப் பதில் அவரிடம் இல்லை. என்னிடமும் ஏஜென்ட்டிடமும்தான் இருந்தது. மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் என் பெயரில் ஓர் அறிவிப்பு போனது. சம்பில் எவ்வளவு அடி, நேற்று எத்தனை லாரி சொன்னோம், எத்தனை வந்தது, இன்று குழாயில் தண்ணீர் விடும் நேரம், அடுத்த லாரி கிளம்பிவிட்டதா. வராத லாரியை வரும் என்று எழுதியதில்லை. கீழே என் எண். திட்டு என் பக்கம் திரும்பியது. அது சரிதான், என் வேலைக்குச் சம்பளம் இருக்கிறது. செயலாளர் இரவில் போனை அணைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தார். தூங்கி எழுந்தபின்தான் பிளாக் வாரியாக நேரம் பிரித்து விடலாம் என்ற யோசனையை அவர் சொன்னார். ஏஜென்ட்டோடு பேரம் பேசும் வேலையை மட்டும் வேறோர் உறுப்பினருக்கு மாற்றிக்கொண்டார். ராஜினாமாக் கடிதம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

கெட்ட செய்திக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன்: எல்லோருக்கும் ஒரே நேரத்தில், என் வாயால். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் மூழ்கியபோது பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியது. கமிட்டிக் குழுவில் ஒரே குரல் பதிவு: தண்ணீர் எந்தப் படி வரை, மெயின் சுவிட்ச் அணைத்தாயிற்று, பம்ப் எத்தனை ஓடுகிறது, எந்தெந்த வண்டி எடுக்கப்படவில்லை. தலைவரிடம் முதலில் சொல்லி, அவர் செயலாளரிடம் சொல்லி, பொருளாளர் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டார் என்றால், அந்த மனிதர் அடுத்த ஆறு மாதம் எந்தச் செலவுக்கும் சுலபமாகக் கையெழுத்துப் போட மாட்டார். நானாக இருந்தாலும் போட மாட்டேன்.

தேர்தல் முடிந்து கமிட்டி மாறும் மாதம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது. புதியவர்கள் வந்த முதல் நாளே, கதவைச் சாத்திவிட்டு, “பழைய ஆளுங்க என்னதான் பண்ணாங்க?” என்பார்கள். சுவாரசியமாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. ஃபைலைத்தான் எடுத்து வைப்பேன். இன்று பழையவரைப் பற்றி இவரிடம் சொன்னால், மூன்று வருஷம் கழித்து இவரைப் பற்றி யாரிடம் சொல்வேன் என்று இவரே கணக்குப் போட்டுவிடுவார்.

கடைசியாக நடந்த தேர்தலில் பொருளாளர் தோற்றார். அந்த வங்கிக்காரர்தான். எண்ணிக்கை முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். வங்கியில் கையெழுத்து மாற்ற புதுக் கமிட்டியின் தீர்மானம், அடையாள அட்டை நகல், வங்கிக்காரர்களின் சாவகாசம் எல்லாம் வேண்டும். அதற்குள் ஒன்றாம் தேதி வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், தோட்டக்காரர் சம்பளக் காசோலையில் செல்லுபடியாகும் கையெழுத்து அவருடையதுதான். புதுப் பொருளாளர், “செக்யூரிட்டிகிட்ட குடுத்து அனுப்பி வாங்கிடுங்க” என்றார். நான் போன் பண்ணி நேரம் கேட்டுக்கொண்டு, புதுச் செயலாளரையும் கூப்பிட்டுக்கொண்டு நேரில் போனேன். செயலாளர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். “சார், உங்க கையெழுத்து இன்னும் தேவைப்படுது, ஆளுங்க சம்பளம்” என்று அவரே சொன்னார். பெரியவர் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காசோலையையும் வருகைப் பதிவேட்டோடு சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “பி.எஃப். பதினைந்தாம் தேதிக்குள்ள கட்டணும், புது ஆளுக்குச் சொல்லிட்டியாம்மா?” என்று கேட்டார். அன்று சாயங்காலமே புதுப் பொருளாளருக்கு அதைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து.